ஊசியில் செய்த தூண்டில் முள்



தொலைக்காட்சியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும், "இதில் என்ன இருக்கிறது, மூன்று நிமிடத்தில் முடித்துவிடலாம்" என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுவிடுவோம். பாரம்பரிய மீன்பிடிப்பைப் பற்றி அரங்கில் பேசுவது என்று முடிவானபோது, தூண்டில் முள்ளுக்கு நான் ஒதுக்கியது அதில் பாதி நேரம்தான். வளைந்த கம்பிதானே! பூபு என்கிற மீன் கூடு, கேலோங், வீச்சு வலை இவற்றைக் காட்டினால் படம் நன்றாக வரும் என்று ஒளிப்பதிவாளரும் சொன்னார்.

இந்தக் கணக்கைத் தப்பாக்கியவர் கோத்தா திங்கியில் நாங்கள் சந்தித்த ஒரு பெரியவர். வயது எண்பதை நெருங்குகிறது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு தோட்டத்தை விட்டு வெளியேறி, இப்போது பிள்ளைகளோடு தாமானில் இருக்கிறார். ஜொகூர் ஆற்றில் தூண்டில் போட்டே வளர்ந்தவர் என்று கேள்விப்பட்டுப் போனோம்.

நான் கடையில் வாங்கிப் போயிருந்த தூண்டில் முள் பாக்கெட்டை எடுத்து நீட்டி, "இதை வைத்துக்கொண்டு கொஞ்சம் விளக்குங்கள் ஐயா" என்றேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது பாக்கெட் முள்ளுலா. இதுல நான் என்னத்தச் சொல்றது? வீட்டுல தைக்கிற ஊசி இருக்கான்னு மருமககிட்ட கேளும்மா."

ஊசி வந்தது. ஒரு மெழுகுவத்தி, ஓர் இடுக்கி, ஒரு சின்ன அரம், பழைய பேனாக்கத்தி, கொஞ்சம் அடுப்புச் சாம்பல், கண்டன்ஸ்ட் மில்க் டின்னில் தேங்காய் எண்ணெய். அடுத்த ஒரு மணி நேரம் அவர் செய்ததைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

தைக்கிற ஊசியை அப்படியே வளைத்துப் பாருங்கள். வளையாது, ஒடியும். நான் மூன்று ஊசிகளை ஒடித்தேன். (மூன்றாவது ஊசி ஒடிந்தபோது ஒளிப்பதிவாளர் சிரித்ததும் பதிவாகிவிட்டது. அதை வெட்டிவிட்டோம்.) ஊசி நல்ல எஃகு, தொழிற்சாலையிலேயே கடினமாக்கப்பட்டது. அதை முதலில் இளக்க வேண்டும். பெரியவர் ஊசியை இடுக்கியால் பிடித்து, சுடரில் சிவக்கக் காய்ச்சி, உடனே சாம்பலுக்குள் புதைத்தார். சாம்பலுக்குள் சூடு மெதுவாக இறங்கும். மெதுவாக ஆறிய எஃகு மெத்தென்று ஆகிவிடும். பத்து நிமிடம் கழித்து எடுத்தபோது அந்த ஊசி செப்புக் கம்பி மாதிரி விரலுக்கு இணங்கியது.

இந்த இளகிய நிலையில்தான் எல்லா வேலையும். முனையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கத்தியைச் சாய்த்து வைத்து மேலே ஒரு தட்டு. சிறு செதிள் ஒன்று கிளம்பி நின்றது. அதுதான் எதிர்முள். உள்ளே போனது திரும்பி வராமல் தடுப்பது அதுதான். பிறகு முனையை அரத்தால் தீட்டினார். ஓர் ஆணியில் வைத்து ஊசியை வளைத்தார். மறுமுனையில் ஊசியின் காது இருக்கிறதே, அதிலேயே நூலைக் கட்டலாமே என்று எனக்குத் தோன்றியது. கேட்டேன்.

"காது நூலை அறுத்துடும்மா" என்றார். காதை ஒடித்துப் போட்டுவிட்டு, அந்த நுனியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினார். நூலைத் தண்டில் சுற்றிச் சுற்றிக் கட்டினால், தட்டையான நுனி அதை நழுவ விடாது.

வடிவம் வந்துவிட்டது. ஆனால் இது இன்னும் முள் ஆகவில்லை. இளகிய கம்பிதான். ஒரு கெளுத்தி இழுத்தால் நிமிர்ந்துவிடும். மறுபடியும் சிவக்கக் காய்ச்சி, இந்த முறை சட்டென்று எண்ணெயில் போட்டார். சுரீர் என்றது. நம் ஊர்க் கொல்லர்கள் தோய்ச்சல் என்று சொல்வது இதைத்தான். இப்போது அது கண்ணாடி மாதிரி கெட்டி. கண்ணாடி மாதிரியே உடையவும் செய்யும். ஆகவே கடைசியாக ஒரு வேலை பாக்கி. முள்ளைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, வாணலியில் மணலைச் சூடாக்கி அதன்மேல் வைத்தார். வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எஃகின் மேல் முதலில் வைக்கோல் மஞ்சள் படர்ந்தது, பிறகு பழுப்பு, பிறகு ஊதா, நீலம் எட்டிப் பார்த்ததும் எடுத்துவிட்டார். அந்த நிறம்தான் அவருக்குத் தெர்மாமீட்டர். நீலம் வரும்போது சூடு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ். அதோடு நிறுத்தினால் முள் வளைந்து கொடுக்கும், ஆனால் நிமிராது, ஒடியாது.

1496ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்றிலும் ஊசியைக் காய்ச்சி, இளக்கி, எதிர்முள் வெட்டி, வளைத்து, தோய்ச்சல் கொடுக்கும் முறை வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது. நம் பெரியவர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்டிருக்க வாய்ப்பில்லை. அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய அப்பா. அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தது ஜப்பான்காரன் காலத்துப் பசி.

1942 முதல் 1945 வரை இந்த நாட்டில் அரிசி இல்லை, துணி இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுதான் தோட்டத்துச் சனங்கள் உயிர் பிழைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வரவில்லை. பெரியவரின் சித்தப்பாவும் அப்படிப் போனவர்தான். கப்பலில் வந்துகொண்டிருந்த தூண்டில் முள்ளும் அப்போது வரவில்லை. ஆற்றில் மீன் இருந்தது, பிடிக்க முள் இல்லை. "அம்மா கிட்ட ரெண்டு ஊசி இருந்துச்சாம். ஒண்ண அப்பா முள்ளாக்கிட்டாரு. அதுக்கு அம்மா ரெண்டு நாள் பேசலையாம்" என்றார் பெரியவர். கிழிந்த துணியைத் தைக்க ஊசி வேண்டும். பிள்ளைக்கு மீன் வேண்டும். இரண்டில் எது என்ற கேள்வி அது. இதைக் கேட்ட பிறகு, ஒன்றரை நிமிடம் ஒதுக்கிய என் கணக்கை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

முள் என்று ஏன் சொல்கிறோம்?

ஆங்கிலத்தில் இதற்குக் கொக்கி என்று பெயர். மலாய்க்காரர்கள் மாத்தா காயில், அதாவது தூண்டிலின் கண் என்பார்கள். நாம்தான் முள் என்கிறோம். மற்ற பெயர்களைவிட இந்தப் பெயர் பொருத்தமானது என்பது என் கட்சி. ஏனென்றால் கொக்கி மாட்டத்தான் செய்யும். குத்தி, உள்ளே இறங்கி, திரும்பி வர மறுப்பது முள்ளின் குணம்.

மலாய்த் தீபகற்பத்தில் பிரம்பின் முள்ளையே வைத்து மீன் கூடு செய்யும் பழக்கம் இருந்தது. பிரம்பு முள்கள் பின்நோக்கி வளைந்தவை. கூட்டுக்குள் எல்லா முள்ளும் உட்புறம் பார்க்கும்படி வைத்துக் கட்டினால், மீன் இரைக்காகத் தலையை நுழைக்கும்போது ஒன்றும் செய்யாது. பின்வாங்கும்போதுதான் குத்திப் பிடிக்கும். நம் பெரியவர் ஊசியில் கத்தியால் கிளப்பிய அந்தச் செதிள் செய்கிற வேலையும் அதுவே.

வளைந்த முள்ளுக்கு முன்னால் மனிதன் பயன்படுத்தியது நேரான ஒரு துண்டு. எலும்பிலோ மரத்திலோ இரண்டு பக்கமும் கூராக்கி, நடுவில் நூலைக் கட்டி, இரைக்குள் மறைத்துவிடுவான். மீன் நீளவாக்கில் விழுங்கும். நூலை இழுத்தால் துண்டு குறுக்கே திரும்பித் தொண்டையில் மாட்டும். இது உலகத்தில் பல இடங்களில் இருந்தது. இதில் ஒரு குறை. மீன் முழுசாக விழுங்கினால்தான் பலிக்கும்.

வளைந்த முள் எப்போது வந்தது என்று கேட்டால், மிகப் பழைய சாட்சிகளில் சில நமக்குப் பக்கத்திலேயே, இதே தீவுக்கூட்டத்தில் கிடைத்திருக்கின்றன. கிழக்குத் திமோரில் ஜெரிமலாய் என்ற பாறைக் குகையில் சிப்பியால் செய்த தூண்டில் முள் துண்டு கிடைத்தது. அதன் வயது 16,000 முதல் 23,000 ஆண்டுகள் என்று 2011இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதே குழுவைச் சேர்ந்த ஆஸ்திரேலியப் பேராசிரியர் சூ ஓகானர் 2017இல் இன்னொரு கண்டுபிடிப்பை அறிவித்தார். இந்தோனேசியாவின் அலோர் தீவில், சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒருவரின் தாடை அருகே ஐந்து சிப்பி முள்கள் வைக்கப்பட்டிருந்தன. அந்த எலும்புக்கூடு ஒரு பெண்ணுடையது என்று கருதப்படுகிறது. மீன்பிடிப்பது ஆண்களின் வேலை என்று நாம் எழுதிவைத்த கதையெல்லாம் அங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது!

சிப்பியில் முள் செய்வது எப்படி? கனமான கடல் நத்தை ஓட்டில் வட்டமாக ஒரு வில்லை வெட்டி எடுக்க வேண்டும். நடுவில் துளை போட வேண்டும். துளையைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து அகலமாக்கினால் வளையம் கிடைக்கும். வளையத்தில் ஓரிடத்தில் வாய் திறந்து, ஒரு பக்கத்தைக் கூராக்கினால் முள். ஊசி போலக் காய்ச்சி வளைக்க முடியாத பொருள், ஆகவே தேய்த்தே வடிவம் கொண்டுவந்திருக்கிறார்கள். அலோரில் கிடைத்த ஐந்தில் நான்கு வட்ட வடிவம். முனை வெளியே நீட்டாமல் உள்பக்கம் திரும்பியிருக்கும். இந்த வட்ட முள்ளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தமிழ் நிலத்துக்கு வந்தால் சங்க காலத்திலேயே முள் இரும்பாகிவிட்டது. அகநானூற்றின் 36ஆம் பாட்டு மதுரை நக்கீரர் பாடியது. அதில் ஒரு வரால், வளைந்த இரும்பில் கோத்த இரையை விழுங்கிவிடுகிறது. ஆம்பல் இலை கிழிய, குவளைப் பூ சிதறப் பாய்கிறது. தூண்டில்காரன் இழுத்தாலும் வராமல், கயிறு போட்ட கோபக்கார எருதைப் போலக் குளத்தைக் கலக்குகிறது. ஆருவான் பிடித்தவர்களுக்கு இது புரியும். வராலும் ஆருவானும் ஒன்றுதான். இழுத்த இழுப்புக்கு வராத மீன் என்பதும், அதற்கு இரும்பு முள்தான் தாங்கும் என்பதும் அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது. கடலில் பெரிய சுறாவுக்குத் தூண்டில் போதாது என்று, கயிறு கட்டிய எறியுளியைப் பரதவர் வீசியதையும் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. வள்ளுவர் சூது அதிகாரத்தில், சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் முள்ளை மீன் விழுங்குவதற்கு ஒப்பிடுகிறார். முள்ளின் உலோகத்துக்கு அவர் போட்டிருக்கும் சொல் பொன்!

குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் தூண்டில் போட்டே ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர் போனவர்கள். ஒரே கயிற்றில் நூற்றுக்கணக்கான முள்களைத் தொங்கவிடும் முறையைத் தமிழ்நாட்டில் ஆயிரங்கால் தூண்டில் என்பார்கள். இங்கே அதற்கு ராவாய் என்று பெயர். இன்னொன்று. நைலான் நூலை நம்மவர்கள் தங்கூசி என்கிறோம், மலாய்க்காரர்கள் தாங்சி என்கிறார்கள். கடைக்குப் போனால் எந்த மொழியில் கேட்டாலும் கிடைத்துவிடும்.

மீனின் வாயைப் படித்தவர்கள்

ஊசி முள் தயாரானதும் பெரியவர் ஒன்று சொன்னார். "வளைக்கிறது பெரிசில்லம்மா. எந்த ஆணியில வச்சு வளைக்கிறோம்கிறதுதான் பெரிசு." அதாவது, முனைக்கும் தண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது. காலா இறாலுக்குச் சின்ன ஊசி, மெல்லிய ஆணி. கெளுத்திக்கு அதைவிடக் கொஞ்சம் பெரியது. ஆருவானுக்குக் கோணி ஊசியை எடுத்துக்கொண்டு, கட்டை விரல் பருமனுக்கு வளைக்க வேண்டும். எந்த மீனைப் பிடிக்கப் போகிறோம் என்று தெரியாமல் முள் செய்ய முடியாது என்றார்.

இதே பாடத்தை வேறு எவரெல்லாம் படித்திருக்கிறார்கள் என்று தேடியபோது கண்ணில் பட்டவர்கள், பூமிக்கு மறுபக்கம், அமெரிக்காவின் அலாஸ்காவில் தென்கிழக்குக் கடற்கரையில் வாழும் திலிங்கிட் மக்கள். அவர்களுடைய பழைய தூண்டில் முள்ளைப் படத்தில் பார்த்தால் முள் என்றே நம்ப மாட்டீர்கள். ஒரு சாணுக்கு மேல் நீளம், இரண்டு மரத்துண்டுகள், ஆங்கில 'வி' எழுத்து மாதிரி கட்டப்பட்டிருக்கும். ஒரு துண்டில் நீர்நாய், ஆக்டோபஸ், அண்டங்காக்கை என்று ஏதாவது ஓர் உருவம் செதுக்கியிருக்கும்.

அவர்கள் பிடிக்க நினைத்தது ஹாலிபட் என்ற தட்டை மீன். நம் சந்தையில் செபெலா என்று விற்கிறார்களே, அந்த வகையறா. இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும், கடலடி மணலில் படுத்துக் கிடக்கும். தமிழ்நாட்டில் இந்த வகை மீன் ஒன்றை எருமை நாக்கு என்பார்கள். அதன் அறிவியல் பெயரிலேயே 'எருமெய்' என்று நம் எருமை ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நம் செபெலா தட்டில் அடங்கும். அலாஸ்கா ஹாலிபட் 200 கிலோவுக்கு மேலும் வளரும்.

அந்த மீன் இரையைக் கடிப்பதில்லை, உறிஞ்சும். பிடிக்கவில்லை என்றால் உடனே துப்பிவிடும். திலிங்கிட் முள்ளின் வடிவம் முழுக்க இதற்காகத்தான். இரண்டு துண்டில் ஒன்று தேவதாரு போன்ற லேசான மரம், மற்றொன்று கனத்த மரம். இந்த எடை வித்தியாசத்தால் முள் கடலடியில் விழுந்து கிடக்காமல், கல்லில் கட்டிய கயிற்றின் நுனியில் சரியான பக்கம் திரும்பி மிதந்து நிற்கும். செதுக்கிய உருவம் கீழே பார்க்கும், மணலில் கிடக்கும் மீனைப் பார்த்தபடி. இரண்டு துண்டையும் பிளந்த ஸ்புரூஸ் மர வேரால் இறுக்கிக் கட்டுவார்கள். குத்துகிற முள், எலும்பைத் தேய்த்துச் செய்தது. அது ஒரு துண்டில் சாய்வாக, உள்நோக்கிக் கட்டப்பட்டிருக்கும். இரைக்கு ஆக்டோபஸ். கயிறு, கடல் பாசியின் நீண்ட தண்டைப் பதப்படுத்தியது அல்லது மரப்பட்டை நார்.

ஹாலிபட் வந்து உறிஞ்சும்போது ஒரு துண்டு வாய்க்குள் போகும், மற்றொன்று வெளியே நிற்கும். துப்பிவிட்டுத் திரும்பும்போது எலும்பு முள் கன்னத்தில் ஏறிவிடும். இரண்டு துண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் இங்கே முக்கியம். சின்ன மீனின் வாய்க்குள் அது போகாது. மிகப் பெரிய மீனின் தடித்த தாடை அந்த இடைவெளிக்குள் நுழையாது. முட்டை போடும் பெரிய பெண் மீனும், படகைக் கவிழ்த்துவிடும் அசுரனும் தப்பிவிடும். நடுத்தரம் மட்டுமே மாட்டும். மீனவர் எந்த அளவு மீன் வேண்டும் என்பதை மரத்திலேயே அளந்து வைத்திருக்கிறார். பெரியவர் ஆணியைத் தேர்ந்தெடுத்த மாதிரியே.

இரும்பு முள் வந்ததும் திலிங்கிட் மக்களிடம் இந்த மர முள் மெல்ல ஒதுங்கியது. இன்று கலைப்பொருளாகச் செதுக்குகிறவர்கள்தான் அதிகம். 1877இல் நார்வேயின் மஸ்டாட் நிறுவனம் இயந்திரத்தில் தூண்டில் முள் செய்யத் தொடங்கியது. அதன்பின் உலகம் முழுவதும் முள் என்றால் எழுத்து 'ஜே' வடிவப் பாக்கெட் முள் என்றாகிவிட்டது.

இங்கேதான் அந்த வட்ட முள் திரும்பி வருகிறது. 'ஜே' வடிவ முள்ளை மீன் விழுங்கினால் குடலில் குத்தும். கடலாமை விழுங்கினாலும் அப்படியே. வட்ட முள்ளின் முனை உள்ளே திரும்பியிருப்பதால் தொண்டையில் குத்தாமல் வழுக்கி வந்து, வாயோரத்தில் சுழன்று தாடையில் மாட்டும். தூண்டிலைச் சுண்டி இழுக்கக் கூடாது, நிதானமாக இழுக்க வேண்டும், அவ்வளவுதான். 1980களின் தொடக்கத்தில் அதே ஹாலிபட் மீனுக்குப் போடும் நெடுந்தூண்டில்களில் வட்ட முள்ளுக்கு மாறினார்கள், பிடிப்பு கூடியது. 2004இல் அமெரிக்கா தன் வாள்மீன் படகுகளுக்கு, ஆமைகளைக் காப்பாற்ற அகலமான வட்ட முள்ளைக் கட்டாயமாக்கியது. அலோர் தீவில் 12,000 ஆண்டுகளுக்கு முன் புதைத்த வடிவத்தின் உறவினர்தான் அது.

ஜொகூர் ஆற்றில்

கோத்தா திங்கிக்கு வெளியூர்க்காரர்கள் தூண்டிலோடு வருவது பெரும்பாலும் ஊடாங் காலாவுக்காக. காலா என்றால் நீண்ட கழி. அந்த இறாலின் நீலக் கைகள் அவ்வளவு நீளம். இதைத் தூண்டிலில் பிடிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. இறால் இரையைக் கவ்வாது. முதலில் கையால் எடுக்கும். எடுத்துக்கொண்டு நடக்கும். தனக்குப் பிடித்த இடத்தில் போய் நின்று, நிதானமாக வாய்க்குக் கொண்டுபோகும். நூல் அசைந்ததும் இழுத்தால் கையிலிருந்து இரை நழுவிவிடும், அவ்வளவுதான். காத்திருந்து, கனம் தெரிந்த பிறகு மெல்லத் தூக்கி, தண்ணீருக்கு மேலே வருவதற்குள் தங்கோக்கை அடியில் கொடுத்துவிட வேண்டும். முள் சின்னதாக, மெல்லியதாக இருந்தால்தான் அந்தச் சின்ன வாயில் ஏறும்.

அன்று பெரியவர் தன் ஊசி முள்ளில் மண்புழுவைக் கோத்து ஆற்றில் போட்டார். அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். முக்கால் மணி நேரத்தில் ஒன்று வந்தது. தூக்கிப் பார்த்தால், வயிற்றுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைக் கொத்து. பெண் இறால். ஒளிப்பதிவாளர் நெருங்கிப் படம் எடுப்பதற்குள் பெரியவர் முள்ளைக் கழற்றி அதைத் தண்ணீரில் விட்டுவிட்டார். "ஐயா, ஐயா, ஒரு நிமிஷம்!" என்று நாங்கள் கத்தியது வீண்.

அந்த இறால் ஏன் போக வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஊடாங் காலா நன்னீரில் வாழ்ந்தாலும், அதன் குஞ்சு உப்புக் கலந்த நீரில்தான் பிழைக்கும். முட்டை சுமந்த பெண் இறால் ஆற்றோடு கீழே இறங்கி முகத்துவாரத்துக்குப் போகும். குஞ்சுகள் அங்கே வளர்ந்து, மறுபடி ஆற்றில் ஏறி வரும். இந்தப் போக்குவரத்து நின்றால் ஆற்றில் இறால் இல்லை.

அதை ஒரே இரவில் நிறுத்திவிடும் வேலையும் நடக்கத்தான் செய்கிறது. நஞ்சைக் கலந்து இறால் பிடிப்பது. முன்பு தூபா வேரை இடித்துப் போடுவார்கள், பிறகு பூச்சிமருந்து வந்தது. இது சட்டப்படி குற்றம். ஆற்றுக்கு நஞ்சு வேறு வழியிலும் வரும். 2017இலும் 2019இலும் ஜொகூர் ஆற்றில் அமோனியா கூடிப்போய் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டி வந்தது. இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் ஜொகூரும் சிங்கப்பூரும் குடிக்கின்றன. தூண்டில் முள்ளுக்குத் தெரியும் முட்டை இறால் எது, ஆண் இறால் எது என்று நான் சொல்லவில்லை. முள்ளில் மாட்டியதைப் பார்த்துவிட்டுத் திருப்பி விட முடியும். நஞ்சில் செத்ததை விட முடியாது.

பெரியவரிடம் அப்பா செய்த முள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு டின் நிறைய இருந்ததாம். எண்ணெய்த் துணியில் சுற்றி, அப்பாவின் அடையாள அட்டையோடு அலமாரியில் வைத்திருந்தாராம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். ஜொகூரில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினார்கள். நிவாரண மையத்திலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது அலமாரி இருந்தது. டின் இல்லை.

"அன்னையிலேர்ந்து நான் ஊசி முள்ளு செஞ்சதே இல்லம்மா. இன்னைக்கு நீ கேட்டதாலதான். கை மறந்துடுச்சோன்னு பயமா இருந்துச்சு" என்றார்.

கோத்தா திங்கி மாவட்டத்திலேயே, டெசாரு பக்கம் தஞ்சோங் பாலாவில் மீனவர் அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. படகும் வலையும் பூபுவும் அந்த மாதிரி இடத்தில் சேகரித்து வைக்கலாம். சாம்பலில் புதைத்த ஊசியை எப்போது எடுக்க வேண்டும், மணலில் வைத்த முள்ளில் எந்த நிறம் வந்ததும் தூக்க வேண்டும் என்பதை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது? எங்களிடம் அது இப்போது படமாக இருக்கிறது. நாற்பது நிமிட ஒளிப்பதிவு. நிகழ்ச்சியில் ஆறு நிமிடம் காட்டினோம். மீதியையும் வெட்டாமல் வைத்திருக்கிறோம்.

அந்த ஊசி முள்ளை எனக்கே கொடுத்துவிட்டார். அரங்கில் பேசும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினேன். கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டியபோது விளக்கு வெளிச்சத்தில் அது தெரியவே இல்லை, அவ்வளவு சின்னது. நிகழ்ச்சி முடிந்து பார்த்தால் என் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டிருந்தது. எதிர்முள் இருக்கிறதல்லவா, இழுத்தால் வரவில்லை. கடைசியில் துணியைக் கொஞ்சம் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.